மாடிக்கு வைஃபை: அலமாரியில் கிடக்கும் ரூட்டரே போதுமா, புதிதாக வாங்க வேண்டுமா?

கோயிலில் ஏழு கறிப் பந்தியில் உட்கார்ந்தால், ரசம் வருவதற்குள் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார். "அண்ணா, மாடியில வைஃபை சுத்தமா எடுக்கல. பழைய ரூட்டர் ஒண்ணு சும்மா கிடக்கு. அதையே மாட்டலாமா, இல்ல புதுசா ஏதாவது வாங்கணுமா?" மொரீஷியஸுக்கு வந்த இத்தனை வருஷத்தில், இலை முன்னால் உட்கார்ந்தே இதற்குப் பலமுறை பதில் சொல்லியாகிவிட்டது. சொன்னதில் பாதி அவர்கள் வீடு போய்ச் சேருவதற்குள் மறந்துபோகிறது. அதனால் இந்த முறை எழுதியே வைக்கிறேன்.

ஊரில் இருந்தபோது எனக்கு இந்தத் தொல்லை இவ்வளவு இருந்ததில்லை. இங்கே வீடுகளே வேறு மாதிரி. 1960 ஜனவரியில் அலிக்ஸ், பிப்ரவரிக் கடைசியில் கரோல் என்று அடுத்தடுத்து இரண்டு புயல்கள் இந்தத் தீவைப் புரட்டிப்போட்டன. மரமும் தகரமுமாக இருந்த வீடுகள் ஆயிரக்கணக்கில் போயின. அதற்குப் பிறகு சனங்கள் கான்கிரீட்டைத்தான் நம்பினார்கள். சிமெண்ட் பிளாக் சுவர், மேலே கம்பி கட்டி ஊற்றிய தட்டைத் தளம். இங்கே எல்லோரும் பேசும் கிரியோல் மொழியில் அந்தத் தளத்துக்குத் 'தால்' என்று பெயர். (வந்த புதிதில் "தால் மேல ஏறி நில்லு" என்று யாரோ சொல்ல, நான் பருப்பைத் தேடினேன்.) புயலைத் தடுக்கிற அதே தளம் வைஃபையையும் தடுக்கிறது. கம்பி பின்னிய கான்கிரீட்டைத் தாண்டுவதற்குள் 5 கிகாஹெர்ட்ஸ் அலை அநேகமாகச் செத்துவிடும். 2.4 தட்டுத்தடுமாறி வந்து சேரும்.

அதனால் எந்தப் பெட்டி நல்லது என்பதில் நான் ஆரம்பிப்பதில்லை. கீழேயிருந்து மாடிக்கு இணைப்பு எந்த வழியாக ஏறப்போகிறது என்பதுதான் என் முதல் கேள்வி. கேபிளாகவா, காற்றிலா, கரண்ட் கம்பியிலா? வழி சரியாக இருந்தால் பத்து வருஷப் பழைய பெட்டியும் ஓடும். வழி அடைபட்டிருந்தால் கடையிலேயே விலை உயர்ந்த பெட்டியும் முழிக்கும்.

எதையெல்லாம் வைத்து முடிவு செய்வது

வழிக்கு அடுத்தது, மாடியில் என்ன வேலை நடக்கிறது என்பது. ஊரில் இருக்கும் அம்மாவோடு வீடியோவில் பேச 3, 4 மெகாபிட் போதும். 4கே படம் ஒன்று ஓட 25 இருந்தால் தாராளம். உங்கள் ஃபைபர் திட்டம் எவ்வளவு கொடுத்தாலும், மாடிக்கு அது முழுசாக ஏற வேண்டும் என்ற அவசியம் பெரும்பாலான வீடுகளில் இல்லை. ஐடி அலுவலகங்கள் நிறைந்த எபேனில் வேலை பார்த்துக்கொண்டு பாதி நாள் வீட்டிலிருந்து பெரிய ஃபைல்களை அனுப்புகிறவருக்கு மட்டும் கணக்கு வேறு.

சொந்த வீடா, வாடகை வீடா என்பது மூன்றாவது. சுவரில் ஓட்டை போட முடியுமா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. நான்காவது, கையில் இருக்கும் பெட்டியின் வயசு. ஐந்தாவதைப் பலர் யோசிப்பதே இல்லை: நாளைக்கு இது மக்கர் செய்தால் யார் பார்ப்பது? நீங்கள் ஊருக்குப் போயிருக்கும் மூன்று வாரத்தில், வீட்டில் இருப்பவர்கள் எந்தப் பெட்டியை அணைத்துப் போட வேண்டும் என்று தெரியாமல் தவிக்கும்போதுதான் அதன் அருமை தெரியும்.

முதலில், காசில்லாத வழி

எதையும் வாங்குவதற்கு முன், இருக்கிற ரூட்டரை நகர்த்திப் பாருங்கள். ஃபைபர் பெட்டியைப் பெரும்பாலும் வாசல் பக்கம், டிவிக்குப் பின்னால், தரையை ஒட்டி மாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அதை மாடிப்படிக்குப் பக்கத்தில் உயரமாக வைத்தால் அலை தளத்தைத் துளைக்க வேண்டியதில்லை. படிக்கட்டுத் திறப்பு வழியாகவே ஏறும். ஃபைபர் கம்பியை நீங்களாக இழுத்து மடக்காதீர்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை, ஒடித்து மடித்தால் போச்சு.

இன்னொன்று, குச்சி ஆண்டெனா. நிமிர்ந்து நிற்கும் ஆண்டெனாவிலிருந்து அலை உளுந்துவடை வடிவத்தில் பக்கவாட்டில் பரவும். வடையின் ஓட்டை நேர் மேலே இருக்கும். அதாவது ரூட்டருக்கு நேர் மேலே உள்ள மாடி அறைக்குத்தான் ஆகக் குறைவாகப் போகும். இரண்டு ஆண்டெனாவில் ஒன்றைப் படுக்க வைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் இது ஒன்றே படுக்கையறைக்கு ஒரு புள்ளி கூட்டிக் கொடுத்தது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி இருந்தால் அதற்கு அந்தப் பக்கம் சிக்னல் எதிர்பார்க்காதீர்கள். தண்ணீர் அலையைக் குடித்துவிடும்.

இது போதவில்லை என்றால் மேலே படியுங்கள்.

பழைய ரூட்டர், கேபிளோடு

என் ஓட்டு இதற்குத்தான், மறைத்துப் பேச ஒன்றுமில்லை. கீழே உள்ள ரூட்டரிலிருந்து ஒரு நெட்வொர்க் கேபிள் மாடிக்கு வர வேண்டும். அதன் முனையில் பழைய ரூட்டர். அது இனி ரூட்டர் வேலை எதையும் செய்யாது. கேபிளில் வருவதை வைஃபையாக மாற்றிக் கொடுக்கும், அவ்வளவுதான். இதை ஆக்சஸ் பாயிண்ட் என்பார்கள்.

ஏடிஎஸ்எல் காலத்துப் பெட்டி, டெலிஃபோன் வயர் செருகும் ஓட்டை மட்டும்தான் இருக்கிறது, ஃபைபருக்கு ஆகாதே என்று பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். போடாதீர்கள். இந்த வேலைக்கு அந்த ஓட்டையே தேவையில்லை. லேன் என்று எழுதிய மஞ்சள் துளைகளில் ஒன்று வேலை செய்தால் போதும்.

வேலை அரை மணி நேரம். பழைய பெட்டியின் பின்னால் உள்ள ரீசெட் துளையில் ஊசியை விட்டுப் பத்து விநாடி அழுத்துங்கள், பழைய பாஸ்வேர்ட் எல்லாம் அழிந்துவிடும். லேப்டாப்பை அதோடு கேபிளில் இணையுங்கள். இன்னும் வீட்டு நெட்வொர்க்கில் சேர்க்க வேண்டாம். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியைப் பிரவுசரில் அடித்து உள்ளே போங்கள். கீழ்ப் பெட்டி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 என்று கொடுங்கள். கீழ்ப் பெட்டி மற்ற கருவிகளுக்குப் பங்கிடும் எண்களுக்குள் அந்த எண் வரக்கூடாது. பிறகு டிஹெச்சிபி சர்வரை, அதாவது கருவிகளுக்கு முகவரி பங்கிடும் வேலையை, அணையுங்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் கீழே உள்ளது போலவே இருக்கட்டும், பாதுகாப்பு டபிள்யூபிஏ2 அல்லது அதற்கு மேல். 2.4-இல் கீழே சேனல் 1 என்றால் மேலே 6 அல்லது 11. இந்த மூன்றும்தான் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை. சேமித்துவிட்டு, கீழிருந்து வரும் கேபிளை லேன் துளையில் செருகுங்கள். இணையத்துக்கென்று தனியாக இருக்கும் வேன் (WAN) துளையில் அல்ல. சில பெட்டிகளில் 'ஆக்சஸ் பாயிண்ட் மோட்' என்று ஒரே தட்டில் முடிந்துவிடும். அப்படி இருந்தால் பெட்டியே எந்தத் துளை என்று சொல்லும்.

டிஹெச்சிபியை அணைக்க மறந்தால் என்ன ஆகும் என்று நான் பட்டே தெரிந்துகொண்டேன். ரோஸ் ஹில்லில் கீழே வீட்டுக்காரர் குடும்பம், மேலே நாங்கள். ஒரே இணைப்பு, கட்டணம் பாதிப் பாதி. மாட்டிய அன்று எல்லாம் பிரமாதம். மறுநாள் கீழே டிவி மட்டும் நின்றது. அதற்கு மறுநாள் டிவி ஓடியது, அவர் மகளின் போன் நின்றது. வீட்டில் இரண்டு பேர் முகவரி பங்கிட்டால் இதுதான் கதி: மேல் பெட்டியிடம் முகவரி வாங்கிய கருவி, வெளியே போக வழி கேட்டு அந்தப் பெட்டியிடமே வந்து நிற்கும், அதற்கோ வெளியே வழி கிடையாது. மூன்றாம் நாள் அந்த அம்மா படியேறி வந்து, "சம்பந்தா தம்பி, நீ மேல ஏதாவது பண்ணினியா?" என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. (என் பெயர் அதுவல்ல. அவருக்கு என் பெயர் இன்னும் வாயில் நுழையவில்லை.)

மறைந்திருக்கும் செலவு கேபிளில் இருக்கிறது. தளத்தைத் துளைக்கக் கிளம்பாதீர்கள். டிரில் கம்பியில் முட்டி நிற்கும். கம்பிக்குத் தப்பினாலும் மழைக்கு ஒழுகும். ஏசி குழாய்க்கோ பழைய டிவி ஆண்டெனாவுக்கோ போட்ட ஓட்டை பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். அதன் வழியே வெளியே எடுத்து, சுவரோரமாகப் பைப்புக்குள் விட்டு மேலே ஏற்றுங்கள். வெயிலுக்கென்று செய்த வெளிப்புற கேபிளாகவே வாங்குங்கள். சாதாரணக் கேபிளின் உறை இந்த வெயிலில் கொஞ்ச காலத்தில் வெடிக்கும். கேட் 5இ போதும், 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட் தாங்கும். அலுமினியத்துக்குத் தாமிர முலாம் பூசிய மலிவுக் கேபிள்களை மட்டும் தவிருங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் செருகு முனைகளை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். உப்புக்காற்று பச்சை பூக்க வைத்துவிடும். புயல் எச்சரிக்கை மூன்றாம் வகுப்புக்கு ஏறும்போது, வெளியே ஓடும் கேபிளின் இரண்டு முனையையும் பிடுங்கி வைப்பது என் பழக்கம். இடி எங்கே இறங்கும் என்று யாருக்குத் தெரியும்?

அடாப்டரையும் கவனியுங்கள். அலமாரியில் பெட்டி ஒரு பக்கமும் அதன் அடாப்டர் வேறு பக்கமும் கிடக்கும். முனை பொருந்துகிறதே என்று 9 வோல்ட் பெட்டிக்கு 12 வோல்ட் அடாப்டரைச் செருகினேன் ஒருமுறை. கருகிய வாடை வந்தது, பெட்டி போனது. பெட்டியின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட்டும் அடாப்டரில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். கூட்டல், கழித்தல் படமும் ஒத்துப்போக வேண்டும்.

கரண்டுக்குப் பயப்பட வேண்டாம். 7 வாட் இழுக்கும் பெட்டி இரவு பகலாக ஓடினாலும் வருஷத்துக்கு 61 யூனிட்தான்.

வேகம்? பழைய பெட்டிகளில் துளைகள் பெரும்பாலும் 100 மெகாபிட்தான். நடைமுறையில் 94 வரை வரும். மாடிக்கு இது அதிகம். ஆனால் 2009-க்கு முந்தைய, வைஃபையின் பழைய தலைமுறையான 'ஜி' வகைப் பெட்டியாக இருந்தால் விட்டுவிடுங்கள். காற்றில் 20-ஐத் தாண்டுவதே அபூர்வம். 'என்' வகையாவது இருக்க வேண்டும். 2013-க்குப் பின் வந்த 'ஏசி' வகை கையில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

பழைய பெட்டிக்குப் பாதுகாப்பு அப்டேட் வராதே என்ற கேள்வி நியாயமானது. 2018 மே மாதம் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் சுமார் 5 லட்சம் ரூட்டர்களையும் அவை போன்ற பெட்டிகளையும் பிடித்திருப்பது தெரியவந்தது. ஆனால் நம் மேல் பெட்டி இணையத்தை நேராகப் பார்த்து நிற்கவில்லை. அதற்கு முன்னால் கீழ்ப் பெட்டி கதவு சாத்தி நிற்கிறது. ஆபத்து வெகுவாகக் குறையும், முற்றிலும் போகாது. அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், பட்டனை அழுத்தி இணைக்கும் டபிள்யூபிஎஸ்ஸை அணையுங்கள். கை அரிக்கிறவர்களுக்கு, ரூட்டரில் ஏற்றும் இலவச மென்பொருளான ஓப்பன்டபிள்யூஆர்டி இருக்கிறது. 4 எம்பி ஃபிளாஷும் 32 எம்பி ரேமும் உள்ள சின்னப் பெட்டிகளை அது 19.07 பதிப்போடு கைவிட்டுவிட்டது என்பதை மட்டும் பார்த்துக்கொண்டு இறங்குங்கள்.

கடைசியாக ஒரு சந்தேகம். அந்தப் பழைய பெட்டி உங்களுடையதுதானா? இணைப்பு நிறுவனம் கொடுத்ததாக இருந்தால் திருப்பித் தர வேண்டியதா என்று ஒப்பந்தத்தைப் பாருங்கள். அப்படிப்பட்ட சில பெட்டிகளில் டிஹெச்சிபியை அணைக்கும் பக்கமே பூட்டியிருக்கும்.

பழைய ரூட்டர், கேபிள் இல்லாமல்

சில ரூட்டர்களில் ரிப்பீட்டர் அல்லது டபிள்யூடிஎஸ் என்று ஒரு வசதி உண்டு. கீழே இருந்து வைஃபையை வாங்கி, மேலே திரும்ப வைஃபையாகவே விடும். செலவு பூஜ்யம். ஆனால் ஒரே வாயால் கேட்கவும் வேண்டும், சொல்லவும் வேண்டும் என்பதால் வேகம் பாதியாகும். டபிள்யூடிஎஸ் வேறு கம்பெனிப் பெட்டியோடு பெரும்பாலும் ஒத்துப்போகாது. சில பழைய பெட்டிகளில் அதற்காகப் பாதுகாப்பை டபிள்யூஇபி என்ற பழைய பூட்டு அளவுக்கு இறக்கச் சொல்லும். அப்படிக் கேட்டால் அந்த நிமிஷமே மூடிவிடுங்கள், அந்தப் பூட்டைச் சில நிமிஷத்தில் உடைத்துவிடலாம்.

வாடகை வீடு, தற்காலிகம், படிக்கட்டுத் திறப்பு நன்றாக இருக்கிறது என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முயன்று பார்க்கலாம். ஒப்பவில்லை என்றால் திங்கட்கிழமை வரை இழுக்காதீர்கள்.

கடையில் விற்கும் எக்ஸ்டெண்டர்

சுவரில் செருகும் சின்னப் பெட்டி. மேலே சொன்ன அதே வேலையை, அமைப்பது சுலபமாக, செய்யும். 2.4-இல் வாங்கி 5-இல் விடும் இரட்டை அலை வகையானால் பாதி வேகக் குறை கொஞ்சம் தணியும். சிக்னல் செத்த இடத்தில் இதைச் செருகுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. அங்கே அதற்கே ஒன்றும் கிடைக்காது, எதை நீட்டும்? சிக்னல் பாதியாவது இருக்கும் இடம், அதாவது படிக்கட்டின் திருப்பம், அங்கே பிளக் பாயிண்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். பெரும்பாலான வீடுகளில் இருக்காது.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் முள்ளையும் பாருங்கள். நம் சுவர்களில் மூன்று தட்டை முள் பிரிட்டிஷ் வகையும் இருக்கிறது, இரண்டு உருண்டை முள் ஐரோப்பிய வகையும் இருக்கிறது. உங்கள் அறையில் எது என்று தெரியாமல் வாங்கினால், எக்ஸ்டெண்டருக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் வாங்க வேண்டிவரும்.

ஒரே தளம், கடைசி அறைக்கு மட்டும் எட்டவில்லை என்றால் இது போதும். தளம் தாண்ட வேண்டுமானால் எனக்கு நம்பிக்கை இல்லை.

பவர்லைன்

வீட்டுக் கரண்ட் கம்பியிலேயே இணைப்பை ஏற்றும் இரட்டைப் பெட்டி. கான்கிரீட் இதற்கு ஒரு பொருட்டே இல்லை. கம்பி ஏற்கெனவே தளத்தைத் தாண்டித்தானே போயிருக்கிறது. துளை போட அனுமதி இல்லாத வாடகை வீட்டுக்கு இதுதான் என் இரண்டாவது தேர்வு. மேல்முனையில் உங்கள் பழைய ரூட்டரையே ஆக்சஸ் பாயிண்டாக மாட்டிக்கொள்ளலாம்.

ஆனால் இந்த ஊர் வீடுகளில் ஒரு முடிச்சு இருக்கிறது. மகனுக்குக் கல்யாணமாகி மாடி கட்டிக் கொடுத்தவர்கள் பலர் மேலுக்கும் கீழுக்கும் தனித்தனி மீட்டர் வாங்கியிருப்பார்கள். இரண்டு மீட்டருக்கு இடையே பவர்லைன் நம்பகமாக ஓடாது. வாங்குவதற்கு முன் வெளியே போய் எத்தனை மீட்டர் என்று எண்ணிவிட்டு வாருங்கள். அட்டையில் 1000 மெகாபிட் என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள், அது ஆய்வுக்கூடக் கணக்கு; அதில் ஒரு பகுதிதான் கைக்கு வரும். பழைய வயரிங்கில் இன்னும் குறையும். மல்டி பிளக்கில் செருகாமல் நேராகச் சுவரில் செருகுங்கள். சர்ஜ் தடுப்பு உள்ள பலகைகள் இந்த சிக்னலைச் சத்தம் என்று நினைத்து வடிகட்டிவிடும். திருப்பித் தர ஒப்புக்கொள்ளும் கடையில் வாங்குவது உத்தமம்.

மெஷ்

இரண்டு மூன்று பெட்டிகள் ஒரே குடும்பமாகப் பேசிக்கொள்ளும். நடந்துகொண்டே பேசினாலும் போன் ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு நழுவிப் போகும். அமைப்பது போனிலேயே. பார்த்துக்கொள்ள ஆளில்லாத வீட்டுக்கு இதைவிடச் சுகம் வேறில்லை. பழைய ரூட்டர் முறையில் போன் கீழ்ப் பெட்டியின் செத்த சிக்னலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே மாடிக்கு வரும்; வைஃபையை அணைத்துப் போட்டால்தான் விடும். அந்தக் குறை இதில் வெகுவாகக் குறைவு.

விலை மற்ற எல்லாவற்றையும் விட மேலே. அதைக் கொடுத்த பிறகும் தளம் தளம்தான். பெட்டிகள் தங்களுக்குள் காற்றில் பேசினால் கான்கிரீட் அவற்றையும் மறிக்கும். தெரிந்தவர் ஒருவர் மூன்று பெட்டி மெஷ் வாங்கினார், மேல் பெட்டி எந்நேரமும் சிவப்பு விளக்கோடு உட்கார்ந்திருந்தது. கடைசியில் கீழிருந்து ஒரு கேபிளை இழுத்து அதில் செருகினார். சரியாகிவிட்டது. அந்தக் கேபிளின் முனையில் அவர் அலமாரியில் கிடந்த பழைய பெட்டியை மாட்டியிருந்தாலும் அவர் மனைவிக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது என்று நான் சொல்லவில்லை, நினைத்துக்கொண்டேன்.

யாருக்கு எது

சொந்த வீடு, கேபிளுக்கு வழி உண்டு, 'என்' வகைப் பெட்டியாவது கையில் இருக்கிறது: பழைய ரூட்டர், கேபிளோடு. வாடகை வீடு, ஒரே மீட்டர்: பவர்லைன், முனையில் பழைய ரூட்டர். வாடகை வீடு, இரண்டு மீட்டர், துளையும் கூடாது: கீழ்ப் பெட்டியைப் படிக்கட்டுக்கு நகர்த்திவிட்டு இரட்டை அலை எக்ஸ்டெண்டர், எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு. வயசானவர்கள் மட்டும் இருக்கும் பெரிய வீடு, பிள்ளைகள் வெளிநாட்டில்: மெஷ், அதுவும் கேபிள் பூட்டிய மெஷ். பழைய பெட்டிக்குத் திரும்பத் திரும்ப போனில் ரீசெட் சொல்லிக் கொடுக்கும் நேரத்தில், போன வாரம் என்ன சமைத்தீர்கள் என்று கேட்கலாம்.

எதை மாட்டினாலும் பெட்டியின் முதுகில் ஒரு தாளை ஒட்டி, அதன் முகவரியையும் எந்தத் துளையில் எந்த கேபிள் என்பதையும் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து உங்களுக்கே நினைவிருக்காது.

எங்கள் வீட்டுக்காரர் மகளுக்காக இரண்டாவது மாடி கட்டுகிறார். அடுத்த மாதம் தளம் ஊற்றுகிறார்கள். சொந்தபந்தமெல்லாம் வாளி தூக்க வரும், மதியம் பிரியாணி. கம்பி கட்டி முடித்த அன்றே, கரண்ட் பைப்போடு சேர்த்து 25 மில்லிமீட்டர் வெறும் பைப் ஒன்றைத் தனியாகப் படுக்கவைத்து, அதற்குள் ஒரு நைலான் கயிறும் விட்டு, இரண்டு முனையையும் டேப்பால் அடைத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். கான்கிரீட் உள்ளே புகாமல் இருக்கத்தான் டேப். "எதுக்குத் தம்பி?" என்று கேட்டார். மேலே அலமாரியில் இன்னொரு ரூட்டர் இருக்கிறது என்றேன்.